ஆணாக வளர்ந்து தாயாகும் கொடுவா

எட்டுப் பத்துக் கிலோ எடையில் ஒரு கொடுவா ஏலக்கூடத்துக்கு வந்துவிட்டால், வாங்குகிறவர்களோடு வேடிக்கை பார்க்கிறவர்களும் கூடிவிடுவார்கள். சதை வெள்ளையாக இருக்கும், கெட்டியாக இருக்கும், வெந்தபின் இதழ் இதழாகப் பிரியும். சிறு முள் தொல்லை குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நம்பி ஊட்டலாம். குழம்புக்கும் வறுவலுக்கும் ஒன்றுபோல் பொருந்தும் மீன் அது. அதன் ருசியை அறிந்த அளவுக்கு அதன் வாழ்க்கையை நாம் அறிந்திருக்கவில்லை.

அந்தப் பெரிய மீன் பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு அதே மீன் ஆணாக இருந்திருக்கும். ஆற்றிலோ ஏரியிலோ வாழ்ந்த காலமும் அதற்கு இருந்திருக்கலாம். கடல் நீரில் முட்டையிலிருந்து வெளிவந்து, உப்பங்கழியில் ஒதுங்கி, நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி முகத்துவாரத்துக்கு வருவதே கொடுவாவின் வழக்கமான வாழ்க்கை. கடல், கழி, ஆறு என்று நாம் தனித்தனியாகப் பிரித்துப் பேசும் நீர்நிலைகள் அதற்கு ஒரே வீதி. அந்த வீதி எந்த இடத்தில் அடைபட்டாலும் கொடுவா குறையும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், இந்த மீனைப் பற்றிய மற்ற எல்லாமே எளிதாக விளங்கும்.

எப்படி அடையாளம் காண்பது?

முழு மீனாகப் பார்த்தால் கொடுவாவை அடையாளம் காண்பது சிரமமில்லை. முதுகுத் துடுப்பு தொடங்கும் இடம் வரை மேடாக ஏறிவரும் உடல், அங்கிருந்து நெற்றியை நோக்கி உட்குழிந்து இறங்கும். இந்தக் குழிவுதான் முதல் அடையாளம். வாய் பெரியது. கீழ்த்தாடை சற்றே முன்னே நீண்டிருக்கும். மேல்தாடையின் முனை கண்ணையும் தாண்டிப் பின்னே போகும். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தால் கோரைப்பல் எதுவும் தட்டுப்படாது. பொடிப் பொடியான பற்கள் பட்டைப் பட்டையாக, உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும்.

செவுள் மூடியைக் கையாளும்போது கவனம் வேண்டும். அதன் முன்தகட்டின் கீழ்விளிம்பில் வலுவான முள் ஒன்று இருக்கிறது. மூடியின் ஓரமும் கூர்மையானது. உயிருள்ள மீன் தலையை ஒருமுறை உதறினால் உள்ளங்கை கிழியும். முதுகில் ஏழு முதல் ஒன்பது வரை கெட்டியான முட்கள். அதன்பின் மென்மையான கதிர்களைக் கொண்ட வட்டமான துடுப்பு. வாலும் பிளவில்லாமல் வட்டமாக முடியும். கழியில் வளர்ந்த மீனின் முதுகு பச்சை கலந்த பழுப்பாகவும், கடலில் திரிந்த மீனின் முதுகு நீலச் சாம்பலாகவும், பக்கங்கள் வெள்ளியாகவும் இருக்கும். இரவில் விளக்கை அடித்தால் கண் செம்பொன்னாக மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் வரும் மினுக்கம் இது. கலங்கிய நீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் வேட்டையாட இந்தக் கண் உதவுகிறது.

இவ்வளவு அடையாளமும் முழு மீனுக்குத்தான். தோலுரித்துத் துண்டு போட்டுவிட்டால், வெள்ளைச் சதை கொண்ட பல மீன்கள் கொடுவா போலவே தெரியும். எனவே நம்பிக்கையான கடை இல்லையென்றால், முழு மீனைப் பார்த்து வாங்கி வெட்டச் சொல்வதே நல்லது.

எங்கெல்லாம் இருக்கிறது?

பாரசீக வளைகுடாவில் தொடங்கி இந்தியா, இலங்கை, வங்கதேசம், தென்கிழக்காசியா, தென்சீனம், பாப்புவா நியூ கினி வழியாக வடக்கு ஆஸ்திரேலியா வரை வெப்பமண்டலக் கரையோரம் முழுவதும் கொடுவா பரவியிருக்கிறது. வங்காளிகளுக்கு இது பேட்கி. மலையாளிகளுக்குக் காளாஞ்சி. தெலுங்கில் பண்டுகப்ப. சிங்களத்தில் மோதா. மலேசியத் தமிழர்கள் மலாய் மக்களைப் போலவே சியாக்காப் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. உலகச் சந்தையில் இன்று அதிகம் புழங்குவது இந்தக் கடைசிப் பெயர்தான்.

அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். ஜெர்மானிய விலங்கியலாளர் பிளாக் 1790இல் இதை முதன்முதலில் விவரித்தார். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விடப்பட்டு அங்கிருந்த சிறு மீன்களைப் பெருமளவில் அழித்த நைல் பெர்ச், இதே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்காரர். கொடுவா என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதும் தெரியவந்துள்ளது. இலங்கையின் மேற்குக் கரையிலிருந்து ஓர் இனமும் மியான்மரிலிருந்து ஓர் இனமும் 2012இல் புதிதாகப் பிரித்து அறிவிக்கப்பட்டன. இந்தியக் கொடுவாவும் ஆஸ்திரேலியப் பாரமுண்டியும் மரபணு அளவில் நன்றாகவே விலகியிருப்பதைப் பிற ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ஒரு நாட்டின் கொடுவாவைப் பற்றிச் சொன்ன அளவுகள் இன்னொரு நாட்டுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

தமிழகத்தில் பழவேற்காடு ஏரி, எண்ணூர், முட்டுக்காடு கழிகள், பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள், ஆறுகள் கடலில் சேரும் முகத்துவாரங்கள் ஆகியவை கொடுவாவுக்கு ஏற்ற இடங்கள். ஆழ்கடல் இதற்கு வேண்டாம். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த நீர், சேற்றடி, நீருக்குள் சாய்ந்து கிடக்கும் மரம், அலையாத்தி வேர், பாலத்தின் தூண், பாறை இடுக்கு என ஒதுங்க ஒரு மறைவு, பக்கத்தில் ஓடும் நீர் ஆகியவை இருந்தால் போதும். நீரின் வெப்பம் 26 முதல் 32 டிகிரி வரை இருந்தால் நன்றாக இரையெடுக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். குளிர்ந்த நாடுகளின் கரையில் இது இல்லாததற்கு அதுவே காரணம்.

முகத்துவாரத்தில் பிறப்பு

கொடுவா முட்டையிட உப்பு நிறைந்த நீர் வேண்டும். லிட்டருக்கு 28 முதல் 35 கிராம் வரை உப்புள்ள நீர், அதாவது முகத்துவாரத்தை ஒட்டிய கடல், இதற்குத் தோதான இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பொழுது சாய்ந்தபின், ஏறுகிற ஓதத்தோடு சேர்ந்து முட்டையிடுவது இதன் வழக்கம். ஒரு பெண் மீனைச் சுற்றி ஆண் மீன்கள் நீந்தும். பெண் முட்டைகளை நீரில் விடும்போதே ஆண்கள் விந்தை விடும். கருவுறுவது நீரில்தான். பெற்றோரின் வேலை அத்துடன் முடிந்தது. கூடும் இல்லை, காவலும் இல்லை.

ஒரு முட்டையின் குறுக்களவு முக்கால் மில்லிமீட்டர்தான். உள்ளே ஓர் எண்ணெய்த் துளி இருக்கிறது. கடல் நீரில் முட்டையை மிதக்க வைப்பதில் அதற்குப் பங்குண்டு. ஏறுகிற ஓதத்தில் முட்டையிடுவதன் பயன் இங்கே விளங்கும். மிதக்கும் முட்டைகளை நீரோட்டம் கடலுக்கு இழுத்துப் போகாமல் கழியின் உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. 28 டிகிரி சுமாருக்கு நீர் இருந்தால் 17, 18 மணி நேரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். அப்போது அதன் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர். வாய்கூடத் திறந்திருக்காது. கருவுணவுப் பையிலும் எண்ணெய்த் துளியிலும் இருப்பதைக் கொண்டு இரண்டு நாள் போல ஓட்டும். அதற்குள் வாய் திறந்து, கண் தெளிந்து, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களைத் தானே பிடித்துத் தின்னத் தொடங்க வேண்டும். தின்னாத குஞ்சு பிழைக்காது.

ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆனதும் குஞ்சின் தோற்றமே மாறிவிடுகிறது. கண்ணாடிபோல் இருந்த உடல் கரும்பழுப்பாகி, தலையின் மேல் வெள்ளைக் கோடும் உடலில் வெள்ளைத் திட்டுகளும் தோன்றும். அலையாத்தி வேரின் நிழலில், மக்கும் இலைகளுக்கு நடுவே இந்தக் குஞ்சு அசையாமல் நின்றால் கண்டுபிடிப்பது கடினம். மழைக்காலத்தில் கழியோரத் தாழ்நிலங்களில் தேங்கும் நீர்தான் இவற்றுக்குத் தொட்டில். பெரிய மீன்கள் அங்கே வர முடியாது. கொசுப்புழுவும் இறால் குஞ்சும் பூச்சிகளும் நிறைய கிடைக்கும். மழை நின்று நீர் வடியும்போது வளர்ந்த குஞ்சுகள் பல ஓடைகளின் வழியாக ஆற்றுக்குள் ஏறிவிடும்.

பருவமழையோடு இதன் இனப்பெருக்கம் இணைந்திருப்பது இதனால்தான். வடக்கு ஆஸ்திரேலியாவில் மழைக்காலத்தை ஒட்டிச் செப்டம்பர் முதல் மார்ச் வரை கொடுவா முட்டையிடுகிறது. தாய்லாந்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். நாடு மாறினால் மாதம் மாறும். குஞ்சு வளரும் நேரத்தில் தாழ்நிலத்தில் நீர் நிற்க வேண்டும் என்ற தேவை எங்கும் ஒன்றே.

உப்பிலும் வாழும், நன்னீரிலும் வாழும்

கடல் மீனைக் குளத்தில் விட்டால் சாகும், குளத்து மீனைக் கடலில் விட்டாலும் சாகும் என்பது பொது விதி. கொடுவா இரண்டிலும் வாழ்கிறது. அதன் உடலில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. மீனின் இரத்தத்தில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. உப்பில் பிசறிய மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுக்கொள்வதை எல்லா வீட்டுச் சமையலறையிலும் பார்க்கிறோம். கடலில் உள்ள மீனுக்கும் அதே நிலைதான். அதன் உடல் நீர் செவுள் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். இதை ஈடுகட்ட மீன் கடல் நீரையே குடிக்கிறது. குடித்த நீரோடு உள்ளே வந்த அதிகப்படி உப்பை, செவுளில் இருக்கும் தனிவகை உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீர் மிகக் குறைவாக வெளியேறும்.

நன்னீரில் எல்லாம் தலைகீழ். இப்போது இரத்தத்தில்தான் உப்பு அதிகம். வெளியே உள்ள நீர் தானாகவே உடலுக்குள் புகும். மீன் நீர் குடிப்பதைப் பெருமளவு நிறுத்திக்கொள்ளும். புகுந்த நீரைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றும். உப்பை வெளியே தள்ளிய செவுள், இப்போது நீரில் இருக்கும் சொற்ப உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரே செவுள், இரண்டு எதிரெதிர் வேலைகள். இந்த மாற்றத்துக்கு உடல் பழகக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். உப்பும் நன்னீரும் கலந்து, இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு மாறும் கழிமுகம் அந்த அவகாசத்தைத் தருகிறது.

நன்னீரில் வளர முடியும் என்பதால் நன்னீரிலேயே இனம் பெருக்கவும் முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏரியில் அடைபட்ட கொடுவா வளரும், கொழுக்கும், வயதாகும். அதன் வம்சம் அங்கே தொடராது. முட்டைக்கும் விந்துக்கும் கடல் உப்பு தேவை.

ஆண் பெண்ணாகும் கதை

கொடுவா முதிர்ச்சியடையும்போது பெரும்பாலும் ஆணாகவே முதிர்கிறது. மூன்று, நான்கு வயதில் ஆணாகக் கடலுக்கு வந்து இனப்பெருக்கத்தில் சேரும். அப்படிச் சில பருவங்கள் கழிந்தபின், ஆறு முதல் எட்டு வயதுக்குள், பெண்ணாக மாறும். ஆஸ்திரேலியாவில் 85 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நீளம் எட்டும்போது இது நடப்பதாக அறியப்பட்டுள்ளது. ஆசியாவில் இதைவிடச் சிறிய அளவிலேயே மாறும் மீன்கள் உண்டு. நேராகப் பெண்ணாகவே முதிரும் மீன்களும் இங்கே காணப்படுகின்றன.

பாப்புவா நியூ கினியின் மீன்களை ஆராய்ந்து, இந்த மாற்றம் இயற்கையாகவே நடக்கிறது என்று மூர் என்ற ஆய்வாளர் 1979இல் எழுதினார். இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் விந்துச் சுரப்பி சுருங்குகிறது. அதே உறுப்புக்குள் முட்டை தரும் திசு வளர்ந்து அந்த இடத்தைப் பிடிக்கிறது. அடுத்த பருவத்தில் அந்த மீன் தாயாக வந்து நிற்கும். மாற்றம் குறுகிய காலத்தில் முடிந்துவிடுவதால், பாதி மாறிய நிலையில் மீன் அகப்படுவது அபூர்வம். ஒருமுறை பெண்ணானது மறுபடி ஆணாவதில்லை.

இதனால் இனத்துக்கு என்ன லாபம்? விந்தணு மிகச் சிறியது. சிறிய ஆண் மீனே வேண்டிய அளவுக்கு மேல் விந்து தரும். முட்டை அப்படியில்லை. வயிறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு முட்டை. எனவே சிறிதாக இருக்கும்போது ஆணாகவும், பெருத்தபின் பெண்ணாகவும் இருப்பது அதிகக் குஞ்சுகளைத் தரும் ஏற்பாடு. 1.2 மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் கொடுவா ஒரு பருவத்தில் மூன்று, நான்கு கோடி முட்டைகள் வரை தரக்கூடும். கலவா மீன்களில் பல இனங்கள் இதற்கு நேர்மாறாக முதலில் பெண்ணாக இருந்து பிறகு ஆணாகின்றன. அங்கே இடத்தைப் பிடித்துக் காக்கும் பெரிய ஆணுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்தச் செய்திக்குள் மீன்பிடிப்பவர்களும் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பெரிய மீன்களை மட்டும் குறிவைத்துத் தொடர்ந்து பிடித்தால், கழியில் பெரும்பாலும் ஆண் மீன்களே மிஞ்சும். சிறிய மீன்களைத் தொடர்ந்து பிடித்தால் பெண்ணாகும் வயது வரை எதுவும் மிஞ்சாது. இரண்டில் எது நடந்தாலும் முட்டை குறையும்.

நின்று தாக்கும் வேட்டை

கொடுவா துரத்தித் திரியும் மீன் இல்லை. மறைவில் அசையாமல் நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் பெரிய வாயைச் சட்டென்று திறக்கும். வாய்க்குள் திடீரென்று ஏற்படும் வெற்றிடத்துக்குள் நீரோடு இரையும் இழுபட்டுப் போகும். பற்களால் கடித்து மெல்லும் வேலையே இல்லை. நீரின் மேல்மட்டத்தில் இரையை இப்படி இழுக்கும்போது 'பும்' என்று ஒரு சத்தம் எழும். இரவில் இந்தச் சத்தத்தை வைத்தே கொடுவா மேய்வதை அறியலாம்.

குஞ்சுப் பருவத்தில் மிதவை உயிர்களையும் பூச்சிகளையும் தின்னும். வளர வளர இறாலும் நண்டும் முக்கிய உணவாகும். இன்னும் பெருத்தபின் மடவை போன்ற மீன்களை அதிகம் பிடிக்கும். தன் இனத்தையும் விடாது. தன் நீளத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீளமுள்ள குஞ்சை ஒரு கொடுவாக் குஞ்சு அப்படியே விழுங்கிவிடும். சில நேரம் விழுங்கவும் முடியாமல் உமிழவும் முடியாமல் இரண்டும் சேர்ந்து சாகும். கொடுவா வளர்ப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை குஞ்சுகளை அளவுவாரியாகச் சலித்துப் பிரித்தாக வேண்டும். ஒரு வாரம் அசந்தால், எண்ணிவிட்ட குஞ்சுகளில் பெரியவை சிலவே மிஞ்சும்.

செவிக்கல் சொல்லும் வரலாறு

ஒரு கொடுவா எங்கெல்லாம் வாழ்ந்தது என்பதை அதன் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லிலிருந்து படிக்கலாம். மீனின் உட்செவியில் இருக்கும் சுண்ணாம்புக் கல் இது. மரத்தில் வளையம் படிவதுபோல் இதிலும் படலம் படலமாகப் படியும். அதை எண்ணி வயதைச் சொல்லலாம். இருபது வயதைத் தாண்டிய கொடுவாக்கள் ஆஸ்திரேலியாவில் பதிவாகியிருக்கின்றன. கடல் நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம் நன்னீரைவிட அதிகம். மீன் கடலில் இருந்த காலத்தில் படிந்த படலத்தில் அது மிகுந்தும், நன்னீரில் இருந்தபோது படிந்ததில் குறைந்தும் காணப்படும்.

இப்படிப் பார்த்தபோது ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. எல்லாக் கொடுவாவும் ஆற்றுக்குள் போவதில்லை. சில மீன்கள் வாழ்நாள் முழுவதும் கழிமுகத்திலும் கரையோரக் கடலிலுமே கழிக்கின்றன. சில மீன்கள் சிறுவயதிலேயே ஆற்றுக்குப் போய்ப் பல ஆண்டு அங்கேயே தங்கிவிட்டு வருகின்றன. மழை நன்றாகப் பெய்து ஆறு பெருகும் ஆண்டில் ஆற்றுக்குப் போனவை நன்கு வளரும். வறண்ட ஆண்டில் கழியில் தங்கியவை இனத்தைக் காப்பாற்றும். ஒரே இனம் தன் பிள்ளைகளை இரண்டு வழிகளில் அனுப்பிப் பிழைத்து வந்திருக்கிறது.

வளர்ப்பில் கொடுவா

காட்டுக் குஞ்சுகளைப் பிடித்து ஏரிகளிலும் குளங்களிலும் விட்டு வளர்ப்பது பழைய வழக்கம். மனிதர்களின் பராமரிப்பில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறை 1970களில் தாய்லாந்தின் சொங்க்லாவில் உருவானது. இந்தியாவில் இதை முதலில் சாதித்தது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். முட்டுக்காட்டில் உள்ள அதன் ஆய்வு நிலையத்தில் 1997இல் கொடுவாக் குஞ்சு உற்பத்தி வெற்றி பெற்றது. பின்னர் சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையமும் கொடுவாக் குஞ்சு பொரிப்பகம் நடத்தத் தொடங்கியது.

பொரிப்பகத்தின் வேலை நுணுக்கமானது. தாய் மீன்களைக் கடல் நீர் ஓடும் பெரிய தொட்டிகளில் வைத்து நன்கு இரை கொடுத்துப் பராமரிப்பார்கள். மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து அளப்பார்கள். முட்டை முதிர்ந்திருந்தால் ஹார்மோன் ஊசி போடுவார்கள். ஒன்றரை நாள் வாக்கில், இரவில், மீன் முட்டையிடும். மிதக்கும் முட்டைகளை வலைத்துணியால் வழித்தெடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுவார்கள். வாய் திறந்த குஞ்சுக்கு முதல் உணவு ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிர். அதன்பின் அதைவிடப் பெரிய ஆர்ட்டீமியா. பிறகு தயாரித்த தீவனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார்கள். குஞ்சுகள் சுழன்று சுழன்று நீந்திச் சாகும் நரம்பு நோய் ஒன்று உண்டு. அது ஒரு வைரஸால் வருவது. ஒரு தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் பெரும் பகுதியை அழித்துவிடும் என்பதால், தாய் மீனிலிருந்தே சோதித்துத் தொடங்குவது அவசியம்.

இறால் பண்ணைகள் நோயால் நொடித்துப்போன இடங்களில் கொடுவா நல்ல மாற்றுத் தொழில். நன்னீர், உவர்நீர், கடலில் மிதக்கும் கூண்டு என மூன்றிலும் வளரும். மிதக்கும் தீவனம் கொடுத்து, அளவு பிரித்துக் கவனமாக வளர்த்தால் ஓராண்டு வாக்கில் ஒரு கிலோ எடைக்கு வரும். இது புலால் தின்னும் மீன். தீவனத்தில் புரதம் அதிகம் வேண்டும், செலவும் அதிகம். தொடங்குமுன் விற்கும் சந்தையையும் குஞ்சு கிடைக்கும் இடத்தையும் உறுதி செய்துகொண்டே இறங்க வேண்டும். குஞ்சைக் கழியில் அரித்தெடுக்காமல் பொரிப்பகத்திலிருந்து வாங்குவது, தொழிலுக்கும் கழிக்கும் நல்லது.

வழி அடைபடுகிறது

கொடுவாவுக்கு இன்றிருக்கும் பெரிய ஆபத்து அதன் பாதை துண்டு துண்டாவது. ஆற்றில் நீர் வராவிட்டால் முகத்துவாரத்தில் மணல் குவிந்து மேடாகிவிடும். பழவேற்காட்டில் கோடைதோறும் மீனவர்கள் அனுபவிக்கும் துன்பம் இது. முகத்துவாரம் மூடினால் முட்டை உள்ளே வராது. உள்ளே இருக்கும் மீன் கடலுக்குப் போகவும் முடியாது. உப்பு நீர் வயலுக்குள் ஏறாமல் காக்கக் கட்டிய கடைமடை அணைகள் உழவருக்குத் தேவையானவை. அவற்றில் மீன் ஏறிச் செல்ல வழியில்லை என்பதுதான் குறை. ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டனில் ஃபிட்ஸ்ராய் ஆற்றுத் தடுப்பணையில், மீன்கள் படிப்படியாக ஏறிச் செல்லும் மீன்வழி அமைத்திருக்கிறார்கள். பாரமுண்டியும் அதன் வழியே ஏறிப் போகிறது. நம் ஊர் அணைகளிலும் இதைச் செய்ய முடியும்.

கழியோரத் தாழ்நிலம் காலியாகக் கிடக்கும் புறம்போக்கு என்று எண்ணி மண் கொட்டி மேடாக்குகிறோம். குஞ்சுகளின் தொட்டில் அங்கே போய்விடுகிறது. எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது அதே கழியில் எண்ணெய்க் கழிவு பரவியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குஞ்சு எப்படிப் பிழைக்கும்?

பிடிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாரமுண்டியையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சிறியது ஒருமுறையாவது இனம் பெருக்கட்டும், பெரியது தாயாகத் தொடரட்டும் என்பதே அந்த விதியின் கணக்கு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடைக்காலம் கடலில் செல்லும் விசைப்படகுகளுக்கானது. கழிக்குள் சிறுகண் வலையால் குஞ்சோடு அரிப்பதை அது தடுப்பதில்லை. கழியில் பாடுபடும் மீனவர்களோடு கலந்து பேசி, அவர்கள் பிழைப்பு கெடாதபடி, கொடுவாவுக்கென்று ஓர் அளவு விதியை நாமும் வகுத்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரம் எப்போது திறக்கும், குஞ்சு எந்த ஓடையில் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

சாப்பிடுகிற நாமும் செய்ய வேண்டியவை உண்டு. அரைக்கிலோகூடத் தேறாத காட்டுக் கொடுவாவை வாங்காதீர்கள். வளர்த்த மீனா, கழி மீனா என்று கேட்டு வாங்குங்கள். நல்ல பண்ணையில் வளர்ந்த கொடுவாவைத் தயக்கமின்றிச் சாப்பிடலாம். உங்கள் ஊரில் ஒரு கழியோ முகத்துவாரமோ இருந்தால், அதில் குப்பை கொட்டுவதையும் மண் நிரப்புவதையும் கிராம சபையில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே வழி திறந்திருக்கும் வரைதான் கொடுவா இருக்கும். அந்த வழியைத் திறந்து வைப்பது நம் பொறுப்பு.